காக்கையின் மேல் போட்ட பழி

அந்த ஒயரைக் கழற்றியது காக்கை அல்ல. நான்தான்!

முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக இந்த ஒரு வரியை நான் எவரிடமும் சொன்னதில்லை. இன்று உங்களிடம் சொல்கிறேன். உங்களிடம் சொல்வது எளிது. நீங்கள் என் மனைவி சாந்தாவின் முகத்தைப் பார்த்ததில்லை. பார்த்திருந்தால் உங்களிடமும் வாய் வந்திருக்காது...

நான் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். ஊர் பூதப்பாண்டி. சாந்தா மேற்கே திருவட்டாறுப் பக்கம், ரப்பர் மரங்களுக்கு நடுவே பிறந்து வளர்ந்தவள். எங்களுக்குப் பொங்கல் எப்படியோ, அவளுக்கு ஓணம் அப்படி. அவள் பேச்சில் பாதி மலையாளம் கலந்திருக்கும். கோபம் வந்துவிட்டால் மறுபாதியும் மலையாளமாகிவிடும். அந்தக் கோபத்தைக் கேட்பதற்காகவே சில நாட்கள் அவளை வம்புக்கு இழுத்திருக்கிறேன்.

எங்கள் தெருவில் முதல் டிவி என் வீட்டுக்குத்தான் வந்தது. மொட்டைமாடியில் ஓர் இரும்புக் குழாய், அதன் உச்சியில் ஆன்டெனா. மேற்கே திருப்பினால் திருவனந்தபுரம், மலையாளம். வடக்கே திருப்பினால் கொடைக்கானல், தமிழ். இந்த மாவட்டத்தில் அந்தக் காலத்தில் வாழ்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை; மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். விடுமுறை நாளென்றால் தெருவே என் வீட்டுக் கூடத்தில் பாய்விரித்து உட்கார்ந்துவிடும். நான் மாடியில் குழாயைப் பிடித்துக்கொண்டு "தெரியுதா?" என்பேன். கீழிருந்து இருபது குரல்கள், "இல்ல... கொஞ்சம் எடது பக்கமாட்டு... ஆங், ஆங், நிறுத்துங்கோ!" என்று பதில் சொல்லும். எனக்கு அதில் எத்தனை பெருமை! வகுப்பறையில்கூட என் கேள்விக்கு அப்படி ஒருசேரப் பதில் வந்ததில்லை.

இனி என் மாமனாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெயர் தங்கப்பன். ரப்பர் மரம் வெட்டிப் பாலெடுப்பது தொழில். எங்கள் வீட்டு வாசலில் நுழையும்போது தலையைக் குனிவார், தோளை ஒருக்களிப்பார். அவ்வளவு பெரிய உடம்பு. ஓணத்துக்கு அவர்கள் ஊரில் வடம்வலி நடக்கும். இரண்டு அணியாய் நின்று வடம் இழுக்கிற போட்டி. அணியின் கடைசி ஆள் அவர். வடத்தின் நுனியை இடுப்பில் சுற்றிக்கொண்டு, குதிகாலை மண்ணில் ஊன்றிவிட்டாரென்றால் எதிரணியினரால் அவரை அசைக்க முடியாது.

கல்யாணமான முதல் ஓணத்துக்கு அங்கே போயிருந்தேன். "நம்ம மாப்ளெயும் ஒரு கை பிடிக்கட்டு!" என்று என்னை மைதானத்துக்குள் இழுத்துவிட்டார். விசில் ஊதினார்கள். அடுத்த நொடி நான் மண்ணில் கிடந்தேன்... வேட்டி எனக்கு இரண்டடி பின்னால் கிடந்தது!

மைதானமே சிரித்தது. மாமனார்தான் உரக்கச் சிரித்தார். "நாஞ்சில்நாட்டு நெல்லுச்சோறு எல்லாம் வயித்துலதான் கெடக்கு, கையில எறங்கல்ல!" என்று சொல்லிக்கொண்டே வந்து என்னைத் தூக்கி நிறுத்தி, தன் கையாலேயே மண்ணைத் தட்டிவிட்டார். அதில் துளி வன்மம் இல்லை. இன்று எனக்குத் தெரிகிறது. அன்று தெரியவில்லையே! அதைவிட, கூட்டத்தின் ஓரத்தில் சாந்தா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்ததைப் பார்த்துவிட்டேன். அவள் சிரித்தது எனக்குப் பொறுக்கவில்லை.

ஓராண்டு அதை உள்ளே வைத்திருந்தேன். வாத்தியாருக்கு வேறென்ன வேலை... போட்ட கணக்கையே திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த ஓணம் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் வந்தது. அதற்குச் சில நாட்கள் முன்பு திருவனந்தபுரத்தில் நடந்த போட்டிக்கு மாமனாரின் அணி போயிருந்தது. அதை டிவிக்காரர்கள் படம்பிடித்தார்களாம்; ஓணத்தன்று மாலை ஐந்து மணிக்குப் பத்து நிமிடம் காட்டுவார்களாம். அவர் ஊரில் மலை மறைப்பதால் படம் விழாது. ஆகவே காலை முதல் பஸ்ஸில் எங்கள் வீட்டுக்கு வந்து இறங்கினார். தோளில் ஒரு ஏத்தங்குலை, முழு நேந்திர வாழைத்தார். கையில் எனக்கு ஓணக்கோடி, ஒரு வெள்ளைச் சட்டை. "அளவு செரியா இருக்கான்னு போட்டுப் பாரும் மாப்ளே" என்றார். அளவு அத்தனை சரியாக இருந்தது!

சாந்தா கால் தரையில் பாவாமல் திரிந்தாள். தோவாளைப் பூவில் வாசலில் அத்தப்பூக்கோலம் போட்டாள். ஒவ்வொரு வீடாகப் போய், "எனக்க அப்பா டிவியில வருதாரு. அஞ்சு மணிக்கு முன்னயே வந்திரணும், கேட்டியளா?" என்று சொல்லிவிட்டு வந்தாள். அவளை அத்தனை மகிழ்ச்சியாக அதற்கு முன் நான் பார்த்ததில்லை. என்னோடு இருந்த எந்த நாளிலும் பார்த்ததில்லை என்று எனக்குத் தோன்றியது. பொறாமை எங்கே நுழையும் பாருங்கள்... சொந்த மாமனார்மீது!

மதியம் சாப்பாடு. எரிசேரி, புளிசேரி, அவியல், அடைப்பிரதமன். உண்ட மயக்கத்தில் வீடே சாய்ந்து கிடந்தது. நான் புதுச் சட்டையோடு ஏணியில் ஏறினேன். ஆன்டெனாவில் ஒயரின் இரண்டு முனைகளையும் பிடித்து வைத்திருக்கிற இரண்டு சின்ன நட்டுகளைக் கழற்றி, சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். ஒயர் தொங்கியது. கைப்பிடிச் சுவரில் ஒரு காக்கை உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. சாட்சி அது ஒன்றுதான். பிறகு பழியும் அதன் தலையில்தான் விழுந்தது.

நான் திட்டமிட்டது இவ்வளவுதான்: ஐந்து மணிக்குப் படம் வராது. நான் மாடியில் பத்து நிமிடம் நாடகமாடுவேன். பிறகு நட்டை முடுக்கி, வடக்கே திருப்பி, தெருவுக்குத் தமிழ்ப் படம் காட்டுவேன். அவருடைய மைதானத்தில் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். என் கூடத்தில் அவரைப் பார்த்துக் கைதட்ட விடமாட்டேன்!

ஐந்து மணி. பிரம்பு நாற்காலியில் மாமனார், காலடியில் சாந்தா, சுற்றிலும் தெரு. டிவியைப் போட்டால் திரை முழுக்கப் புள்ளிகள். நான் மாடிக்கு ஓடினேன்.

"தெரியுதா?" என்றேன்.

"இல்லங்கோ... ஒண்ணும் தெரியல்ல!" என்றாள் சாந்தா.

குழாயை அசைத்தேன். "இப்போ?"

"ஒச்ச மட்டும் லேசா கேக்குது! ஆளுவ கூவி விளிக்குதது கேக்குது... படம் இல்ல! கொஞ்சம் மேக்க திருப்புங்கோ... நல்லாயிருப்பிய, கொஞ்சம் மேக்க!"

நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். ஐந்து ஐந்து. ஐந்து ஏழு. கீழே அவள் குரல் உடைந்து தேய்ந்துகொண்டே வந்தது. பிறகு மாமனாரின் குரல் கேட்டது: "மாப்ளே, போட்டு, விட்டுரும்! மழை பெய்ஞ்சு பாசி கெடக்கும். நீரு பைய எறங்கி வாரும்."

இந்த இடத்தில் என் மனம் இளகியது, நட்டை எடுத்தேன், அவசரத்தில் கால் வழுக்கியது... என்று எழுதிவிடலாம். பல ஆண்டுகள் எனக்கு நானே அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். பொய்! என் கை சட்டைப்பைப் பக்கமே போகவில்லை. ஐந்து பத்து ஆகும்வரை நின்றேன். ஆன பிறகுதான் இறங்கினேன். ஏணியின் மேல்படியில் பாசி. விழுந்தேன். வலது கணுக்கால் எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது.

திருநாள்; ஒரு வண்டி கிடையாது. எலும்புக்குக் கட்டுப்போடுகிற ஆசான் வீடு வயலுக்கு அப்பால். மாமனார் குனிந்து, என்னை முதுகில் ஏற்றிக்கொண்டு வரப்பில் இறங்கினார். ஒரு மைல் தூரம்! எந்த உடம்பின் பலத்தைப் பார்த்து நான் ஓராண்டு வயிறெரிந்தேனோ, அதே உடம்பு என்னைக் குழந்தை போலச் சுமந்தது. பின்னால் சாந்தா அழுதுகொண்டே ஓடிவந்தாள். அவர் முதுகுக்கும் என் நெஞ்சுக்கும் நடுவே அந்த இரண்டு நட்டுகள்... ஒவ்வோர் அடிக்கும் உறுத்திக்கொண்டே வந்தன.

பாதி வழியில் அவர் சொன்னார்: "டிவி கெடக்கட்டு மாப்ளே. எனக்க மூஞ்சிய நான் தெவசமும் கண்ணாடியில காணுதேன், பின்ன என்ன? பிள்ளைக்குத்தான் பாவம்... அவ ஒருக்கா கண்டிருந்தா செரி."

நான் அப்போது சொல்லியிருக்க வேண்டும். வலியில் முனகுவதுபோல் முனகினேன்.

மறுநாள் பக்கத்து வீட்டு ஜெபமணி சார் மாடிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். "ஒயர் ரெண்டும் களண்டு தொங்குது. காக்கா வேலையாக்கும்" என்றார். பிறகு கட்டிலில் கிடந்த என்னைப் பார்த்து, "நட்டையுமா காக்கா களத்தும், சார்?" என்றார். நான் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டேன். நல்ல மனிதர். அதன்பின் அவர் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. தானே புது நட்டு வாங்கிவந்து போட்டார்.

சாந்தா காக்கையை மலையாளத்தில் திட்டித் தீர்த்தாள். என்னை மூன்று மாதம் கையில் வைத்துத் தாங்கினாள். காலையும் மாலையும் முறிவெண்ணெய் தடவி, வெந்நீர் ஒத்தடம் கொடுத்து, "எனக்க அப்பாவக் காட்டணும்னு ஏறில்லா இப்பிடி வந்து கெடக்குதிய" என்று என் காலைப் பார்த்துக் கண்ணீர் விட்டாள். தன் வினை தன்னைச் சுடும் என்கிறார்கள். என்னைச் சுடவில்லையே! எனக்கு ஒத்தடம் அல்லவா கொடுத்தது! எங்கள் இல்வாழ்க்கை உண்மையில் அந்த மூன்று மாதத்தில்தான் தொடங்கியது. அவள் என்மேல் உயிராய் ஆனதே அந்தக் காலால்தான். அந்த அன்பு முழுவதும் நான் திருடியது என்று எப்படிச் சொல்வேன், சொல்லுங்கள்?

அடுத்த ஓணம் வருவதற்குள், தோட்டத்தில் மரம் வெட்டிக்கொண்டிருக்கும்போதே மாமனார் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அவ்வளவுதான்.

அவருடைய படமாக எங்கள் வீட்டில் இருப்பது ரேஷன் அட்டைக்கு எடுத்தது ஒன்று. அதில் தோள் தெரியாது, சிரிப்பும் கிடையாது. சில ஆண்டுகளுக்கு முன் ஒருநாள் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்த சாந்தா சட்டென்று நிறுத்திவிட்டு, "இஞ்ச பாருங்கோ... அப்பா நடக்கது எப்பிடின்னு எனக்கு மறந்து போச்சு" என்றாள். அன்று நான் சாப்பிடவில்லை. உடம்பு சரியில்லையோ என்று அவள் கஞ்சி வைத்துக் கொடுத்தாள்.

இந்த ஓணத்துக்குத் துபாயிலிருந்து மகள் செல்போனில் முகம் காட்டிப் பேசினாள். பேத்தி, "பாட்டி, பழைய டிவி நிகழ்ச்சியெல்லாம் இப்ப நெட்டுல போடுதாங்க, பூட்டன் வடம் இழுத்தது இருக்கான்னு நான் தேடிப் பாக்கேன்" என்றாள். சாந்தா போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். அரைமணி நேரம் தேடினார்கள். என்னென்னவோ வந்தது, அது வரவில்லை.

"சாரமில்ல, விடு மக்ளே" என்றாள் சாந்தா. "அன்னைக்கு உங்க தாத்தா எனக்காக்கும் மாடியில ஏறினாரு. காலையும் ஒடிச்சாரு. எந்த ஆம்பிள செய்வான்?" என்று போனைத் திருப்பி என் காலைக் காட்டினாள். மகளும் பேத்தியும் அங்கிருந்து கைதட்டினார்கள்!

போன் அணைந்தது. என் சவரப்பெட்டிக்குள் அந்த இரண்டு நட்டுகளும் இன்னும் இருக்கின்றன. எழுந்துபோய் எடுத்துவந்து அவள் உள்ளங்கையில் வைத்துவிட வேண்டும் என்று, சத்தியமாக, நாற்காலியை விட்டு எழுந்தேன். "சாந்தா..." என்றேன்.

"மழை வருது. கால் வலிக்குதா? இரிங்கோ" என்று அவள் முறிவெண்ணெய்க் குப்பியோடு வந்து தரையில் அமர்ந்தாள். அவளுக்கும் இப்போது முட்டி மடங்காது. சுவரைப் பிடித்துக்கொண்டுதான் உட்கார்ந்தாள்.

நான் நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டினேன்.