கிளிட்டஸ் சொன்னதும் அச்சில் வந்ததும்

தூத்தூர் கடற்கரையில் பந்து உதைத்து வளர்ந்த கிளிட்டஸ், ஷார்ஜாவில் கப்பல் பழுதுபார்க்கும் கம்பெனியொன்றில் வெல்டர். அந்தக் கம்பெனியின் கால்பந்து அணிக்குப் பதினெட்டு வருடமாக வெள்ளைக்கார என்ஜினியர்கள்தான் கேப்டன். 2007இல் கேப்டனாக இருந்தவர் முழங்கால் உடைந்து படுக்க, முதன்முறையாகக் கேப்டனின் கைப்பட்டை ஓர் ஆசியத் தொழிலாளியின், கிளிட்டஸின், கையில் ஏறியது. "வெள்ளிக்கிழமை ஃபைனலில் ஜெயித்தால் இது உனக்கே," என்றார் மேனேஜர்.

செவ்வாயன்று ஆங்கிலப் பத்திரிகையிலிருந்து ஒரு பெண் தொழிலாளர்கள் தங்கும் முவைலா கேம்புக்குப் பேட்டியெடுக்க வந்தாள். கிளிட்டஸ் ஜெர்சியை இஸ்திரி போட்டு வைத்திருந்தான். அவளோ படத்துக்கு வேலை உடுப்பும் ஹெல்மெட்டும் மாட்டச் சொன்னாள். ஹெல்மெட்டோடு எவன் பந்து விளையாடுவான்? இருந்தாலும் மாட்டிக்கொண்டான். அறை, சாப்பாடு, குடும்பம் என்று கேட்டதற்கெல்லாம் ஒற்றை வரியில் பதில் சொல்லிவிட்டு, முக்கால் மணி நேரம் ஆட்டத்தைப் பற்றியே பேசினான். எதிரணியை இடப்பக்கம் இழுத்துவிட்டு, காலியாகும் வலப்பக்கத்தில் ஆளை ஓடவிடும் திட்டத்தைத் தீக்குச்சிகளை அடுக்கியே காட்டினான். ஒரு மாதம் பழகிய திட்டம். அவள் தலையாட்டித் தலையாட்டி எழுதினாள்.

அவள் போன பிறகு, தீக்குச்சிகளைப் பொறுக்கிக்கொண்டே அறையில் நடந்ததைச் சொன்னான்.

"எல்லாத்தையும் சொல்லிட்டியாலே?" அறைத்தோழன் ஜெபசீலன் தலையில் கைவைத்தான். "வெள்ளிக்கெழம பேப்பர்ல வருமாம். எதிர் டீம்காரனுவ சாயா குடிச்சிக்கிட்டே படிப்பானுவ!"

"பந்தப் பத்திக் கேக்கத்தானே மக்கா வந்தா?"

"அதுக்கு? மீன் கெடக்க எடத்த அடுத்த வள்ளத்துக்காரங்கிட்ட சொல்லுவியா நீ?"

சுருக்கென்று தைத்தது. கரையில் பிறந்த எவனும் செய்யாத காரியம். இரண்டு நாள் டியூட்டியில் கை ஓடவில்லை. வியாழன் மாலை ஆட்களைக் கூட்டித் திட்டத்தையே மாற்றினான்.

வெள்ளிக்கிழமை காலை, பழகாத ஆட்டத்தில் ஒருவன் இடத்தில் இன்னொருவன் போய் முட்டிக்கொண்டான். மூன்று கோல் வாங்கித் தோற்றார்கள். ஆட்டம் முடிந்ததும் மேனேஜர் கையை நீட்டினார். கைகுலுக்கத்தான் என்று நினைத்து கிளிட்டஸும் நீட்டினான். அவர் கேட்டது பட்டையை.

கேம்புக்குப் பேப்பர் மத்தியானம்தான் வரும். அரைப்பக்கம் போட்டிருந்தார்கள். ஹெல்மெட் படம். 'முதல்' என்ற சொல் நான்கு இடத்தில். கிளிட்டஸ் விரல் வைத்து வரிவரியாகத் தேடினான். ஓர் அறையில் எட்டுக் கட்டில், மத்திக் குழம்பு, கடலுக்குப் போய்த் திரும்பாத அப்பா, மூன்று வருடமாகப் பார்க்காத மகள். தீக்குச்சியில் காட்டிய இடப்பக்கமும் இல்லை, வலப்பக்கமும் இல்லை.

"படம் நல்லாத்தாம்லே இருக்கு," என்றான் ஜெபசீலன், அவன் முகத்தைப் பார்க்காமல். "டெல்சிக்கு அனுப்பி வையி. பொண்டாட்டி சந்தோசப்படுவா."

கிளிட்டஸ் வேர்வை காயாத ஜெர்சியோடு கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தான்.

"எனக்குப் பந்து வெளயாடத் தெரியும்னு எங்க மக்கா போட்டிருக்கு?" என்றான்.