வாஷருக்கும் கொஞ்சம் இடம்

வெப் பேஜ் போடும் தொழிலில் கம்ப்யூட்டர் படுத்தும் பாடு பாதிதான். மீதியை, பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து திரையில் விரல் வைத்துக் காட்டுகிறவர்கள் படுத்துவார்கள். வாடிக்கையாளர் சொன்னபடியே செய்து, அவரிடமே திட்டு வாங்கிய அனுபவம் உங்களுக்கும் இருக்கும். உங்களிடம் சொல்லாமல் யாரிடம் சொல்ல?

தொண்ணூறுகளின் கடைசியில் அம்பத்தூரில் எனக்கு ஒரு சின்ன டி.டி.பி. கடை இருந்தது. எட்டாவதோடு படிப்பு நின்றவள் நான். டைப் அடிப்பதில் ஆரம்பித்து எல்லாவற்றையும் பயந்து பயந்து கற்றேன். கல்யாணப் பத்திரிகைதான் முக்கால்வாசி வேலை. மகள் கல்யாணத்துக்கு என்னிடம் பத்திரிகை அடித்த முருகேசன் ஒருநாள் வெப் பேஜ் கேட்டு வந்தார். திருமழிசை தொழிற்பேட்டையில் ரப்பர் வாஷர் செய்கிறவர். வழக்கமாக வாங்கும் கம்பெனி கைவிட்டதால் மெஷின் சும்மா கிடந்தது. சிங்கப்பூர்த் தமிழர் ஒருவர், வெள்ளிக்கிழமை வெப் பேஜைப் பார்த்துவிட்டு, வாஷர் வாங்குவதா வேண்டாமா என்று முடிவு சொல்வதாகச் சொல்லியிருந்தார். அதுவும் போனால் பட்டறையை மூட வேண்டியதுதான். எனக்கோ இதுதான் முதல் வெப் பேஜ்.

சும்மா கிடக்கும் இடம்

பட்டறையின் பெயரை மேலே போட்டு, சுற்றிலும் கொஞ்சம் இடம் விட்டிருந்தேன். "தனியாக நின்றால்தான் பெயர் கண்ணில் படும்" என்றேன். என் குரலை நானே நம்பவில்லை. அவர் வீட்டுப் பத்திரிகையில் மூலைக்கு மூலை வாழைமரம் வைத்தது நான்தானே!

முருகேசன் திரையை மேலும் கீழும் அளந்தார். "இன்னாக்கா, இவ்ளோ இடம் சும்மா கீது? ரெண்டு சென்ட் வாங்க நான் பட்ட பாடு உனக்குத் தெரியுமா? ஓரம் வரைக்கும் கட்டுக்கா!"

கிளிப்பச்சை

மறுநாள் அவர் மனைவி வள்ளி வந்தார். புடவைக் கடையில் பிரித்துப் போடச் சொல்வதுபோல் ஒவ்வொரு நிறமாகப் போட்டுக் காட்டச் சொன்னார். கடைசியில் கிளிப்பச்சை, அதன்மேல் சிவப்பு எழுத்து, "வருக வருக" மட்டும் அணைந்து அணைந்து எரிய வேண்டும். எனக்குத் தலை வலித்தது. வெள்ளையில் கறுப்பு எழுத்து இருந்தால் படிக்க வசதி என்று மெல்ல இழுத்தேன்.

"சாவு நோட்டீஸ் மாதிரியாக்கா? நல்ல காரியத்துக்குப் போறப்ப நீ வெள்ளையா கட்டினு போவ?"

யார் பெயர் பெரிசு

வள்ளியின் தம்பி சேகருக்குப் பட்டறையில் பங்கு உண்டு. கல்யாணப் பத்திரிகையில் தன் பெயர் பொடி எழுத்தில் வந்ததற்காகப் பந்தியில் உட்காராமல் போனவர். இந்தத் தடவை மாமா முருகேசனின் பெயருக்குச் சமமாகத் தன் பெயர் என்றார். அது தெரிந்து முருகேசனின் பெரியப்பா, சித்தப்பா பெயர்களும் அதே அளவில் ஏறின. ஆயுத பூஜையன்று எல்லாரும் சேர்ந்து எடுத்த போட்டோவும் வந்தது. எல்லாமே பெரிசாக இருந்தால் பார்க்கிறவர் எதை முதலில் படிப்பார் என்று புலம்பினேன்.

சேகர் பெருந்தன்மையாகச் சொன்னார்: "யாரை வேணா முதல்ல படிக்கட்டும்க்கா. என்னை ரெண்டாவதா படிக்கக் கூடாது, அவ்ளோதான்."

வெள்ளிக்கிழமை

காலையில் முருகேசனும் சேகரும் ஓடி வந்தார்கள். சிங்கப்பூர்க்காரர் போன் செய்திருக்கிறார். "உங்க குடும்பத்தைப் பார்த்ததில் ரொம்ப சந்தோஷம். நீங்க என்ன செய்றீங்கன்னுதான் தெரியல" என்றாராம். சாயங்காலம் இன்னொரு தடவை பார்ப்பாராம், அதோடு சரியாம்.

வாஷர் என்ற வார்த்தையே வெப் பேஜில் இல்லை! கிளிப்பச்சையை எடுத்தேன், போட்டோவை எடுத்தேன், பெரியப்பாவையும் சித்தப்பாவையும் எடுத்தேன். முருகேசன் தன் பெயரையும் எடுக்கச் சொன்னார். சேகரின் பெயரில் கை நின்றது. முருகேசன் சுவரைப் பார்த்தார். சேகர் சட்டைப் பையிலிருந்து ஒரு வாஷரை எடுத்து என் ஸ்கேனர் கண்ணாடியில் வைத்தார்.

"என்னைத் தூக்கிட்டு இதைப் போடுக்கா. ஆர்டர் வரட்டும், சரக்கு அனுப்புற பெட்டி மேல என் பேரை நானே பெருசா எழுதிக்கிறேன்."

சாயங்காலம் சாம்பிள் அனுப்பச் சொல்லிப் போன் வந்தது. வெப் பேஜில் எதை எப்படிப் போடுவது என்று எந்த வகுப்பிலும் கற்றுத் தருவார்கள். போட்டதை எடுப்பதற்கு வாடிக்கையாளரின் மச்சான் மனசு வைக்க வேண்டும்.