நான் ஏரியில் விட்ட கெளுத்திகள்

என் கணவருக்கு நெஞ்சில் ஆபரேஷன் நடந்தபோது பக்கத்து வீட்டு பர்மிய பௌத்த அம்மா டோ மியா சொன்னார்: "சந்தையில வெட்டப்போற மீனை வாங்கி ஏரியில விடு. அவருக்கு ஆயுசு கூடும்." நாங்கள் சர்ச்சுக்குப் போகிறவர்கள். ஆனாலும் பயத்தில் ஒரு வாளி கெளுத்தி வாங்கி ஏரியில் விட்டேன். அவர் பிழைத்தார். பிறகு அவருடைய ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் விட்டேன்.

போன பிறந்தநாளில் வாளியைக் கவிழ்த்தபோது, அங்கே தூண்டில் போட்டிருந்த எங்கள் தெருக் கடைக்காரர் காசிம் பாய் ஓடி வந்தார்.

"பண்ணைக் கெளுத்தியாம்மா விட்டீங்க?"

"ஆமா பாய். நல்லா கொழுத்தது."

"ஐயோ, அது மத்த மீனோட குஞ்சையெல்லாம் தின்னுடும்மா. முன்ன இங்க கெண்டை, விரால்னு மாட்டும். இப்ப நாலு வருஷமா இதுதான்."

நான் விட ஆரம்பித்தும் நாலு வருடம். முழங்கால் தண்ணீரில் இறங்கிக் கையால் துழாவினேன். சேறுதான் வந்தது.

"ஏறி வாங்கம்மா. நீங்க ஒருத்தர் மட்டுமா விட்டீங்க?" என்றார் பாய்.

வீட்டு வாசலிலேயே கணவர் கேட்டார்: "விட்டாச்சா?"

தலையாட்டினேன்.

"அடுத்த வருஷம் நானும் வரேன். ரெண்டு வாளியா விடுவோம்."

அவர் முகத்தில் அத்தனை தெம்பு. நான் இன்னும் சொல்லவில்லை. பிறந்தநாள் நெருங்குகிறது.