பறக்காத பெட்ரோல்

எண்பத்தேழில் பால்சாமிக்கு ராஜபாளையம் மில்லில் வேலை கிடைத்தது. வன்னியம்பட்டிக்குச் சாலை பிரிகிற விலக்கில் அவன் போட்டிருந்த பஞ்சர் கடையை மனைவி சுடலைமாடத்தி எடுத்துக்கொண்டாள். அவள் உப்புத்தாள் போட்டு ட்யூபைத் தேய்க்கிற அழகைப் பார்த்தாலே நம்பிக்கை வரும். ஆனால் ஒட்டுதான் நிற்கவில்லை. காலையில் ஒட்டியது மாலைக்குள் பிரிந்து, ஆட்கள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள்.

“இந்த மாசத்துக்குள்ள ஒட்டு நிக்கலைன்னா கடையப் பூட்டிருவோம்” என்று சொல்லிவிட்டான் பால்சாமி. அவள் அழுததை நானே பார்த்தேன்.

நான் ஸுந்தரராஜன், ராஜபாளையத்தில் ரசாயனம் நடத்துகிற வாத்தியார். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து தினமும் மொபெட்டில் அந்த வழியாகத்தான் போவேன். டப்பாவில் அவளுடைய ரப்பர் பசை இறுகிப்போனால், இளக்குவதற்கு என் வண்டியிலிருந்தே பெட்ரோல் பிடித்துக் கொடுப்பேன். பெரிய தர்மப்பிரபு! “பசை சரியில்லம்மா, வேற கம்பெனி வாங்கு” என்று ஆலோசனையும் இலவசம். பாவம், மூன்று கம்பெனி மாற்றினாள்.

ஒருநாள் கைகாட்டி என்னை நிறுத்தினாள். கையில் பழைய செய்தித்தாள். வடை வைத்த தாள்போல அதில் ஒரு கறை.

“வாத்தியாரய்யா, நேத்து உங்க பெட்ரோலு இதுல சிந்திருச்சு. பெட்ரோலுன்னா பறந்துரும்லா? இது இன்னும் மினுங்குதே! உங்க வண்டிக்கு பங்க்ல என்னதான் ஊத்துதாக?”

“பெட்ரோல்தான். மொபெட்டுக்குன்னா கூடக் கொஞ்சம் ஆயில் கலந்து...”

சொல்லும்போதே எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. இருபது வருஷம் ரசாயனம் நடத்தி என்ன பிரயோஜனம்?

“எண்ணெய் பட்ட ரப்பரு எம்புட்டு தேச்சாலும் ஒட்டுமாய்யா?” என்றாள்.

பங்க்குக்கு நடந்துபோய் ஆயில் கலக்காத பெட்ரோல் ஒரு பாட்டில் வாங்கி வந்தாள். தாளில் ஒரு சொட்டு விட்டாள். செத்த நேரத்தில் சுவடே இல்லை. அதைப் பசையில் கலந்து முதலில் ஒட்டியது வனக்காவலர் சோலைச்சாமியின் ட்யூபை. செண்பகத்தோப்புக் கல்லிலும் முள்ளிலும் உருள்கிற சைக்கிள் அது. ஒரு வாரம் கழித்து அவர் தள்ளிக்கொண்டு வந்ததும் எங்கள் இருவருக்கும் பகீரென்றது.

“வேற இடத்துல கிழிஞ்சிருச்சு தாயி. நீ போட்ட ஒட்டு அப்படியே கெடக்கு!”

அவள் சிரித்த சிரிப்பில் பஸ்ஸுக்கு நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மாசம் முடிந்ததும் பால்சாமி பூட்டைப் பற்றிப் பேசவில்லை. லீவு நாளில் வந்து அவளுக்குக் காற்றடித்துக் கொடுத்தான்.

தொண்ணூற்றாறில் ஓய்வு பெறும்வரை வருஷந்தோறும் வகுப்பில் இரண்டு தாளில் இரண்டு சொட்டு விட்டுக் காட்டினேன். கண்டுபிடித்தவர் பெயரையும் கரும்பலகையில் எழுதுவேன்: சுடலைமாடத்தி, வன்னியம்பட்டி விலக்கு.