பத்து மணிச் சாக்கும் என் உருளைக்கிழங்கும்

எனக்கு வாய்த்த வயிறு இருக்கிறதே, அதற்கு மலையும் தெரியாது, மழையும் தெரியாது. முறுக்க ஆரம்பித்தால் அந்த நிமிடமே ஓடியாக வேண்டும். லிந்துலைப் பக்கத்து எங்கள் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் மலையிலிருந்து லயத்து வீடுகளின் கக்கூசுக்கு அரை மணி நடை. எங்கே ஓடுவது?

நுவரெலியாவில் டாக்டர் பார்த்துவிட்டு, புண்ணோ கட்டியோ இல்லை, சட்டென்று கோபித்துக்கொள்ளும் குடல் என்றார். கோபமா, அப்படியானால் என் குடல்தான் என்று நினைத்துக்கொண்டேன். ஒவ்வொரு சாப்பாடாக நிறுத்திப் பார்க்கச் சொன்னார். பார்த்தேன். கோதுமை மா ரொட்டி, வெங்காயம், பால் தேத்தண்ணி மூன்றும் ஆகவில்லை. ரொட்டி ஆகாது என்பது தோட்டத்தில் பிறந்தவளுக்குச் சாதாரணச் சங்கதியா? சோறும் அவித்த உருளைக்கிழங்கும்தான் சண்டையில்லாமல் உள்ளே இருந்தன.

அதை நான் யாரிடமும் சொல்லவில்லை. அதுதான் நான் செய்த தப்பு. பத்து மணித் தேத்தண்ணிக்கு உட்கார்ந்தால் ஒரு சாக்கை விரித்து, எல்லார் ரொட்டியையும் பிய்த்து ஒன்றாகப் போட்டுத்தான் சாப்பிடுவோம். தொட்டுக்கொள்வது யார் வீட்டுச் சம்பல் என்ற பேச்சே கிடையாது. நான் மட்டும் பசியில்லை என்று தள்ளிப் போய், செடிக்குப் பின்னால் ஒளிந்து கிழங்கு தின்றேன்.

பக்கத்து நிரையில் பறிக்கும் அக்கா பார்த்துவிட்டார். அவர் வாய்க்குக் கங்காணியே பயப்படுவார். "என்னாடி, எங்க வீட்டு ரொட்டி ஒனக்கு எறங்காதோ? பெரிய எடத்து வயிறோ?" என்று எல்லார் முன்னாலும் கேட்டார். எனக்குச் சுரீரென்றது. வந்த ரோஷத்தில் அவர் ரொட்டியையே எடுத்து, வெங்காயச் சம்பலோடு இரண்டு துண்டு விழுங்கினேன்.

பதினொரு மணிக்குள் வயிறு முறுக்கியது. கூடையை இறக்கிவிட்டு ஓடினேன். வடிகானோரம் வழுக்கி விழுந்ததோடு எல்லாம் முடிந்துபோனது. சேலையெல்லாம் வீணாகிவிட்டது. நிரையில் ஆளைக் காணோமே என்று கங்காணி வேறு கத்திக்கொண்டு ஏறி வந்தார்.

அவருக்கு முன்னால் வந்து சேர்ந்தது அந்த அக்காதான். மழைக்கு இடுப்பில் சுற்றியிருந்த படங்கை அவிழ்த்து, என்னை மறைத்து விரித்துப் பிடித்தார். "அங்கனயே நில்லுங்க! பொம்பளைங்க விசயம்!" கங்காணி திரும்பி இறங்கிப் போனார். அக்கா தன் போத்தல் தண்ணீர் முழுவதையும் கழுவக் கொடுத்து, அந்தப் படங்கையே என் இடுப்பில் சுற்றிவிட்டார். முகத்தில் கொஞ்சமும் அருவருப்பு இல்லை. அம்மம்மா, அப்படி ஒரு மனுஷியை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. அழுதுகொண்டே நோயையும் ஆகாத சாப்பாட்டையும் சொன்னேன். "நாளையிலருந்து மலைக்கு வரலக்கா. வேலைய விட்டு நின்னுக்கிறேன்."

"இத்தன நாளா வாயில என்னா கொழுக்கட்டையா வச்சிருந்த? சொல்லியிருந்தா நான் அப்புடிக் கேட்டிருப்பனாடி?" அவர் குரலும் உடைந்தது. "நாளைக்கு வர்ற. அந்தக் கெழங்கையும் கொண்டுகிட்டு வர்ற."

போகக்கூடாது என்றுதான் இருந்தேன். காலைப் பெரட்டில் பேர் கொடுக்கும் முன்பே அக்கா லயத்து வாசலில் வந்து நின்று கூப்பிட்டால் என்ன செய்வது? போனேன். பத்து மணிக்குச் சாக்கை விரித்ததும் என் டப்பாவைப் பிடுங்கி, கிழங்கையெல்லாம் ரொட்டிகளுக்கு நடுவே கொட்டினார். உப்பு மட்டும் போட்ட வெறும் கிழங்கு. ஆளுக்கொரு துண்டாக எடுத்தார்கள். "ஐயோ, காரமே இல்லையே!" என்று ஒருத்தி முகத்தைச் சுளித்தாள். சுளித்துக்கொண்டே இன்னொன்றும் எடுத்தாள். எனக்கென்று ஒரு துண்டுகூட மிச்சமில்லை.

அப்போதுதான் அக்கா தன் டப்பாவைத் திறந்தார். அதில் ரொட்டி இல்லை. வெங்காயம் படாமல் அவித்த கிழங்கு, டப்பா நிறைய.

"இப்ப எடு. எங்க வீட்டுது ஒனக்கு எறங்குதான்னு பாப்பம்."

எடுத்தேன். இரண்டாவது துண்டும் எடுத்தேன். வயிறு ஒன்றும் சொல்லவில்லை.