காலி வண்டி

ஈப்போவில் சக்கர அலைன்மெண்ட் கடை வைத்திருந்தார் அவர். கழுத்தில் எப்போதும் அளவு நாடா தொங்கும். நான்கு மூலையிலும் வண்டியின் உயரத்தை அளக்காமல் வேலையைத் தொடமாட்டார்.

"பின்னாடி தாழ்ந்திருக்கு அண்ணே. சாமான எறக்குங்க."

நான் சமையல்காரன். சுங்காய் ஊரில் ஒரு கல்யாணச் சமையலுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. அண்டா, அடுப்பு, கேஸ் தோம்பு எல்லாவற்றையும் இறக்கினேன். அளந்து, சக்கரங்களைச் சரிசெய்தார். முனகிக்கொண்டே திரும்ப ஏற்றினேன்.

"தெனமும் இவ்ளோ சாமானா?"

"இந்த வண்டி காலியா ஓடுனதே இல்ல லா!"

"அத மொதல்லயே சொல்லக்கூடாதா? அந்தப் பாரத்தோடதான் மறுபடி அளக்கணும்."

ஆத்திரத்தில் வண்டிக்குள் ஏறிக் கதவை அறைந்து சாத்தினேன்.

"அப்படியே இருங்க. நீங்களும் தெனமும் ஏத்துற சாமான்தானே," என்று நாடாவோடு குனிந்தார்.

பல்லைக் கடித்தபடி, அவர் அளந்து முடிக்கும்வரை ஆடாமல் உட்கார்ந்திருந்தேன்.