மூண்டாவது ராசாவைத் தேடின மரியநாயகம் அண்ணை

மரியநாயகம் அண்ணை போயிட்டாராம்.

இண்டைக்குக் காலமை சிவா போன் எடுத்துச் சொன்னான். நித்திரையிலயே போயிட்டாராம். எனக்கு முதல் வந்தது கோவம்தான்... அழுகை பிறகுதான் வந்தது.

ஏனெண்டால் இந்த மனிசன் என்ரை எத்தினை ஊர்லாப்பை, அதுதான் வருச லீவை, திண்டவர் தெரியுமோ.

தொண்ணூறுகளில டோர்ட்மண்டில நாங்கள் மூண்டு பேரும் ஒரு பாண் சுடுற பாக்டரியில வேலை. நான், சிவா, அண்ணை. எல்லாரும் டிசம்பரில, கிறிஸ்மஸ் நத்தாருக்கு லீவு கேட்டு அடிபடுவினம். நாங்கள் மட்டும் ஜனவரி ஆறுக்குக் கேப்பம். மேற்பார்க்கிற ஜெர்மன்காரன் ஒருக்கா கேட்டான், "நீங்கள் என்ன, மூண்டு ராசாக்களோ?" எண்டு. அண்ணை சிரிக்கேல்லை.

விசயம் இதுதான். இத்தாலியில சின்னச் சின்ன ஊருகளில நத்தாருக்கு உயிருள்ள குடில் போடுவினம். சொரூபம் ஒண்டும் இல்லை. ஊர்ச்சனமே மாதா, சூசையப்பர், இடையர் எண்டு உடுப்பு மாத்திக்கொண்டு நிக்கும். ஆடு, கழுதை எல்லாம் உண்மையானதுதான். ஆனா பிறந்த குழந்தையைப் பாக்க வாற மூண்டு ராசாக்கள் அனேகமா அவையின்ரை திருநாளான ஜனவரி ஆறுக்குத்தான் வருவினம்.

அண்ணைக்கு அந்த மூண்டாவது ராசாதான் வேணும். மூண்டு பேரில ஒருத்தரைக் கறுப்பராக் காட்டுவினமே, அந்தக் கறுப்பு ராசா.

அவற்ரை தம்பி அமலன், எண்பதுகளின்ரை கடைசியில வெளிநாட்டுக்கு ஆள் கடத்துற ஏஜென்சிக்காரனோட வெளிக்கிட்டு இத்தாலியில நிண்டவன். ஒரே ஒருக்கா டோர்ட்மண்டுக்குப் போன் எடுத்திருக்கிறான். "அண்ணை, இஞ்ச ஒரு ஊரில என்னை ராசாவாக்கிப் போட்டினம். என்ரை நிறம் காணுமாம், கரி பூசத் தேவையில்லையாம்." விழுந்து விழுந்து சிரிச்சவனாம். எந்த ஊரெண்டு அண்ணை கேக்க முதல் லைன் கட்.

அதுதான் கடைசிக் கதை.

செஞ்சிலுவைச் சங்கத்துக்குச் சொல்லிப் பாத்தவர். பங்குச் சுவாமிமாரைப் பிடிச்சுக் கேட்டவர். ஒண்டும் சரிவரேல்லை. அகதிக்குக் குடுக்கிற நீலப் பாஸ்போர்ட் கைக்கு வந்த வருசமே ஒரு ஓட்டை வான் வாங்கி எங்களை ஏத்திப்போட்டார்.

முதல் முறை இதொண்டும் எங்களுக்குச் சொல்லேல்லை. "வாங்கோடா, நல்ல வடிவான குடில் பாக்கலாம்" எண்டுதான் கூட்டிக்கொண்டு போனவர். நான் சைவக்காரன், எனக்கு இத்தாலி மாட்டுக்கொட்டிலுக்கை என்ன வேலை? ஆனா அந்த மனிசன் கேட்டா ஏலாது எண்டு சொல்ல வாய் வராது.

போய்ச் சேர்ந்தா ஒரு மலை. ஊர் முழுக்கப் படி. குளிரெண்டா அப்பிடிக் குளிர். ஒரு வாசலில ஒரு மனிசி சுடச்சுட ரொட்டி போட்டு எல்லாருக்கும் குடுக்கிறா... நான் கையை நீட்ட, அண்ணை என்ரை ஜக்கெட்டைப் பிடிச்சு இழுக்கிறார். "அது பிறகு. ராசா வாறார்."

ராசா வந்தார். அண்ணை நேரா நடுவழியில போய் நிண்டு அவற்ரை மூஞ்சையை உத்துப் பாக்கிறார். பாத்தா உள்ளூர்க்காரன், முகம் முழுக்கக் கரி. அந்தச் சனத்துக்கை கரி பூசாத கறுப்பர் நாங்கள் மூண்டு பேர்தான். எல்லாரும் எங்களைத்தான் பாத்தினம்.

திரும்பி வரேக்கைதான் தம்பியின்ரை கதையைச் சொன்னார். "இதை டோர்ட்மண்டிலயே சொல்லியிருக்கலாமே அண்ணை" எண்டு சிவா பாய்ஞ்சான். "சொன்னா விசரெண்டுவியள்."

ஓம், விசரெண்டுதான் சொன்னம். அடுத்த வருசமும் போனம்.

ஒவ்வொரு வருசமும் ஒவ்வொரு ஊர். "இனி வரமாட்டன்" எண்டு ஒவ்வொரு முறையும் சத்தியம் பண்ணுவன். வீட்டில மனிசி வேற, "அந்தாள் தம்பியைத் தேடுது, நீங்கள் என்னத்தைத் தேடுறியள்" எண்டு பிடிச்சுக்கொள்ளுவா. இவ்வளவு தூரம் போயும் நான் ஒரு குடிலிலயும் குழந்தையை வடிவாப் பாத்ததில்லை. ராசாவைப் பாத்த கையோட "இவன் இல்லை, வாங்கோ" எண்டு நடக்கத் தொடங்கிடுவார்.

ஒரு வருசம் கரி பூசாத ராசா ஒருத்தன் வந்தான்.

மெல்லிய உடம்பு, நெடுவல். அண்ணை என்ரை கையைப் பிடிச்ச பிடி, ரெண்டு நாள் நொந்தது. ராசா எங்களைக் கண்டிட்டு நிண்டான். "அண்ணை, நீங்கள் தமிழோ?"

அமலன் இல்லை. நெடுந்தீவுப் பொடியன் ஒருத்தன். விசா இல்லை, ஆட்டுப்பட்டியில வேலை. வீட்டுக்குக் கதைச்சுக் கன வருசமாம். ஏனெண்டு கேட்டா, "என்னத்தைச் சொல்லி எடுக்கிறது" எண்டு நிலத்தைப் பாக்கிறான்.

அண்ணைக்கு வந்துதே ஒரு கோவம். கழுதை, ஆடு, சூசையப்பர் எல்லாருக்கும் முன்னால பேச்செண்டா பேச்சு. "உயிரோட இருக்கிறன் எண்டு சொல்லடா. அது காணாதோ அவைக்கு? ஒரு போன் எடுக்க ஏலாதோ உனக்கு?" பொடியன் தலையில ராசமுடியோட நிண்டு அழுகிறான். சனம் இதுவும் நாடகத்தில ஒரு பகுதியெண்டு நினைச்சுக்கொண்டு பாத்துது.

முடியும் அங்கியுமா அவனை இழுத்துக்கொண்டு போய், பக்கத்துப் பார் போனில கொழும்பில இருந்த அவன்ரை அக்காவுக்கு எடுத்துக் குடுத்தார். அக்காக்காரி போனுக்குள்ளால குழறினது வாசல் வரைக்கும் கேட்டுது.

அண்ணை வெளியில வந்து கழுதைக்குப் பக்கத்தில நிண்டார். நானும் போய் நிண்டன். "அமலனும் இப்பிடித்தான்... ஆரும் வந்து ரெண்டு பேச்சுப் பேசட்டும் எண்டு பாத்துக்கொண்டு இருப்பான்" எண்டார்.

"குளிருது, வானுக்கை ஏறுங்கோ அண்ணை" எண்டு அவரைத்தான் நான் ஏசினன்.

அதுக்குப் பிறகும் விட்டவரே? முழங்கால் நோ வந்து படி ஏற ஏலாமப் போகுமட்டும் போனவர்.

நெடுந்தீவுப் பொடியன் இப்ப அங்கயே குடும்பமாயிட்டான். செத்தவீட்டுக்கு வாறானாம்.

அமலனுக்கு ஆர் சொல்லுறது?

இத்தாலியில இருக்கிறவை இதைக் கொஞ்சம் பகிருங்கோ. அமலன், மன்னார்ப் பக்கம். ஒரு மலையூரில ஒருக்கா ராசா வேசம் போட்டவன்.

அமலன், நீ எங்கயடா... உன்ரை அண்ணை மூண்டு வீடு மாறினவர். நம்பரை மட்டும் மாத்தேல்லை. கைபோன் வந்த பிறகும் அந்தப் பழைய வீட்டுப் போனை வெட்ட விடேல்லை. நாங்கள் எத்தினை தரம் நக்கலடிச்சிருப்பம்.

இப்ப அவற்ரை வீட்டிலதான் இருக்கிறன். செத்தவீட்டுக்குச் சனம் வரும் எண்டு சாமான் ஒதுக்க வந்தனான்.

போட்டு வாங்கோ அண்ணை. ஆக்கினை பிடிச்ச மனிசன்... போனை நான் கழட்டேல்லை.